மூணு சைட்டுக்கு ஒரே பொண்ணு

ஒரு செவ்வாய்க்கிழமைக்கு மொத்தமே இருபத்துநாலு மணி நேரம்தான். அந்த இருபத்துநாலையும் ஒரு பெண் வேலை செய்தே தீர்த்தாள் என்று ஸ்ட்ராட்வுட் கட்டடக் கம்பெனி எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தது. நூலகக் கட்டடத்தில் எட்டு மணி நேரம். ஒன்பதாம் நம்பர் தீயணைப்பு நிலையத்தில் எட்டு. பூங்கா அரங்கில் எட்டு. தூங்கவில்லை, சாப்பிடவில்லை, சைட்டுக்கு சைட் பறந்தே போயிருக்கிறாள். அந்த அதிசயப் பிறவியின் பெயர் கெண்ட்ரா டாகெட்.

அந்தப் பெயரைப் பார்த்த வெர்னெட்டா ஃபைலை மூடினாள், கோட்டை மாட்டிக்கொண்டாள், வீட்டுக்கு வந்துவிட்டாள். போன வாரம் அவளை அங்கேதான் விட்டோம். வேறென்ன செய்வாள், பாவம்? கெண்ட்ரா அவள் பெற்ற ஒரே மகள்.

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கணக்கு சரிதான் என்று அந்த ஃபைலில் வெர்னெட்டாவின் கையெழுத்து விழுந்தாக வேண்டும்.

காலை ஐந்தரைக்கு கெண்ட்ரா வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பூட்ஸுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது.

"முட்டை ரெண்டு போடட்டுமா?" என்றாள் வெர்னெட்டா, அடுப்படியிலிருந்து.

"வேணாம்மா."

"சோளக்கஞ்சி சூடா இருக்கு. ஒரு வாய்..."

"வழியில பாத்துக்கறேன்."

வெர்னெட்டாவின் நாக்கு நுனியில் கேள்வி துடித்தது. செவ்வாய்க்கிழமை நீ எங்கேடி இருந்தே? கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு.

"ரோடு வழுக்கும். மெதுவாப் போ."

"ம்."

கதவு சாத்திக்கொண்டது. கஞ்சியில் ஏடு படிகிற வரைக்கும் வெர்னெட்டா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். ஆசைக்கு ஒரு வாய்கூட அவளும் சாப்பிடவில்லை.

ராஸ்கோ செத்துப் பதினாலு மாதம் ஆகிறது. புருஷன் போன புதிதில் தாயும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டுதான் கரையேறினார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, அவனுடைய பழைய கோமாளித்தனங்களைச் சொல்லிச் சிரித்து, சிரிப்பு முடியும் இடத்தில் அழுது, அழுகை முடிந்ததும் கோழி பொரித்துச் சாப்பிட்டவர்கள்தான். எல்லாம் போன அக்டோபர் வரைக்கும். அதற்கப்புறம் மகள் வாயைப் பூட்டிக்கொண்டாள். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். ஏன் என்று மூன்று தடவை கேட்டாயிற்று. மூன்று தடவையும் ஒரே பதில்: "ஒண்ணுமில்லம்மா."

ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்துகொண்டு தனியாக இருப்பது, தனியாகவே இருப்பதைவிடக் கொடுமை. தனியாக இருப்பவளுக்குக் குறைந்தது காலடிச் சத்தமாவது கேட்காது.

*

போர்ட் ஹார்லன் நகரசபையில் ஒப்பந்தக் கண்காணிப்பு அலுவலகம் மூன்றாவது மாடி. வெர்னெட்டா அங்கே இருபத்தாறு வருஷமாக இருக்கிறாள். நகரசபையின் வேலையை எடுக்கும் எந்தக் கம்பெனியும் ஆளை நிறம் பார்த்தோ, ஆணா பெண்ணா என்று பார்த்தோ தள்ளக் கூடாது. தள்ளாமல் இருந்தால் மட்டும் போதாது, இத்தனை காலம் வாசலில் நின்றவர்களைத் தேடிப் பிடித்து உள்ளே கூப்பிடவும் வேண்டும். கூப்பிட்டார்களா, கூப்பிட்டவர்களை மனுஷராக நடத்தினார்களா என்று பார்ப்பதுதான் வெர்னெட்டாவின் வேலை.

ஸ்ட்ராட்வுட் அவளுடைய ஃபைலே இல்லை. பக்கத்து மேஜை பெர்னி பார்த்துக்கொண்டிருந்த ஃபைல். பெர்னிக்கு முழங்கால் ஆபரேஷன், ஆறு வாரம் லீவு. அவன் மேஜையில் இருந்ததெல்லாம் போன திங்களன்று இவள் மேஜைக்கு வந்தது.

ஃபைலில் சொந்தக்காரர் பெயர் இருந்தால் தொடக் கூடாது. மஞ்சள் சீட்டு ஒன்று இருக்கிறது, அதில் உறவைச் சொல்லி எழுதி, மேலதிகாரி டெல்ஃபீனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சட்டம் அவ்வளவு சுலபம். நேற்று சாயங்காலம் வெர்னெட்டா மஞ்சள் சீட்டை எடுத்து, பேனாவையும் திறந்து, மூடி வைத்துவிட்டாள்.

ஏன்? அதையும் சொல்லிவிடுகிறேன். கெண்ட்ரா தச்சு வேலை பழகுகிறவள். நாலு வருஷப் பயிற்சியில் இன்னும் இருநூற்றிப் பத்து மணி நேரம்தான் பாக்கி. அது முடிந்தால் தச்சர் சங்கத்து முழு அட்டை கைக்கு வரும், அப்புறம் எந்த ஊரில் எந்தக் கட்டடத்திலும் தலை நிமிர்ந்து நிற்கலாம். ஃபைல் டெல்ஃபீன் கைக்குப் போனால் கம்பெனி மாட்டும். மாட்டினால் முதலில் கழற்றிவிடப்படுவது யார்? கேட்கவே வேண்டாம்.

கண்டுகொள்ளாமல் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஐந்தே வாரம். ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதையாகும், அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு வெர்னெட்டா கார் சாவியை எடுத்துக்கொண்டாள். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சட்டப்படி அதுவும் தப்புதான். இருபத்தாறு வருஷத்தில் அவள் செய்த முதல் தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

ஒன்பதாம் நம்பர் தீயணைப்பு நிலையத்தில் சுவர் எழும்பி, கூரைக்குச் சாரம் கட்டியிருந்தது. சைட் முழுக்கப் பொறுப்பாளர் ஒடெல் டாகெட். வெர்னெட்டாவின் கொழுந்தன், ராஸ்கோவின் தம்பி.

"அண்ணி! என்ன இந்தக் குளிர்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சூடாக் காபி போட்டு வெச்சிருப்பேனே."

"சொல்லிட்டு வந்தா அது சோதனை இல்ல தம்பி, விருந்து."

ஒடெல் சிரித்தார். சிரிப்பு மீசையோடு நின்றுவிட்டது.

வாசல் பலகையில் எல்லாத் தாளும் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தன. பாகுபாடு கூடாது. தொல்லை கொடுத்தால் இந்த நம்பருக்குப் புகார் செய்யலாம். முடிந்த இடத்தில் எல்லாம் ஒரு சைட்டுக்கு இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். பலகையைப் பார்த்தால் இதைவிட நல்ல கம்பெனி பூமியில் கிடையாது.

"கெண்ட்ரா எங்க?"

"நூலகத்துல இருக்கா அண்ணி."

"செவ்வாய்க்கிழமை எங்க இருந்தா?"

"செவ்வாய்க்கிழமை... இங்கதான்."

"எட்டு மணி நேரமா?"

ஒடெல் கையுறையைக் கழற்றினார். மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

சைட் மூலையில் இரண்டு டாய்லெட் அறைகள் நின்றன. ஒன்றில் பெண் படம் ஒட்டி, பூட்டுத் தொங்கியது. வெர்னெட்டா நேராக அங்கே போய் நின்றாள்.

"சாவி?"

"ஆபீஸ்ல ஆணியில மாட்டியிருக்கு. எதுக்கு அண்ணி இப்போ..."

"அவசரம்னு வெச்சுக்கங்க. கொண்டாங்க."

திறந்தால் உள்ளே ஒயர் சுருள்கள், பெயின்ட் டப்பாக்கள், கிழிந்த தார்ப்பாய். எல்லாவற்றுக்கும் மேலே சின்ன அளவில் ஒரு பச்சை ஹெல்மெட். நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி, மார்க்கரில் 'மிரெயா' என்று எழுதியிருந்தது.

"இது யாரோடது?"

"பழசு அண்ணி. பெயின்ட் அடிக்க வந்த பொண்ணு ஒருத்தி. கோடையிலேயே வேலைய விட்டுப் போயிட்டா." ஒடெல் கதவைச் சட்டென்று சாத்தினார்.

"சரி. எட்டு மணி நேரம் எம்பொண்ணு இங்க இருந்தாளே, டாய்லெட்டுக்கு எங்க போனா?"

மேலே சாரத்தில் சுத்தியல் சத்தம் நின்றுபோயிருந்தது. நாலைந்து தலைகள் கீழே எட்டிப் பார்த்தன.

"தம்பி, முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதீங்க. எங்கிட்ட மூணு தாளும் இருக்கு."

ஒடெல் குரலைத் தாழ்த்தினார். "காலைல நூலகம். பத்து மணிக்கு வேன்ல இங்க. மத்தியானத்துக்கு மேல பூங்கா. மூணு சைட்டுலயும் ஒரு பொண்ணு இருந்தா மாதிரி ஆச்சு, ஒரு கறுப்பு ஆளும் இருந்தா மாதிரி ஆச்சு. மேலேருந்து எட்டு எட்டுன்னு எழுதச் சொன்னாங்க. எழுதினேன்."

"ஒரே ஆளு. பொண்ணுன்னு ஒரு கட்டம், கறுப்புன்னு ஒரு கட்டம். மூணு சைட்."

"ஆமா."

"உங்க அண்ணன் பொண்ணு தம்பி அவ!"

"அண்ணன் பொண்ணுன்னுதானே கையப் புடிச்சுக் கூட்டியாந்து சேத்துவிட்டேன்? இல்லேன்னா இவனுங்க சேத்திருப்பானுங்களா?" ஒடெலின் கண் கலங்கியது. "இன்னும் அஞ்சு வாரம் அண்ணி. அட்டை வந்துட்டா அப்புறம் அவ ராணி. எண்பத்தெட்டுல நாப்பது பேருக்கு நடுவுல ஒத்தக் கறுப்பனா நின்னவன் நான். சாப்பாட்டு டப்பாவுல மண்ண அள்ளிப் போட்டானுங்க. வாயத் தெறக்கல. தாங்கினேன். இன்னிக்கு இந்தக் கம்பெனியில மொத சூப்பரின்டெண்ட் நம்மாளு, அது நான்தான்."

"நீங்க பட்டீங்கன்னு அவளும் படணுமா?"

ஒடெல் பனியைப் பார்த்தார். "கையெழுத்த மட்டும் போட்டுடுங்க அண்ணி. எங்க அண்ணன் இருந்தா அதத்தான் சொல்லியிருப்பார்."

செத்தவனைச் சாட்சிக்கு இழுப்பது இந்தக் குடும்பத்தில் வழக்கம். வெர்னெட்டா காரில் ஏறினாள்.

*

நூலகத்து சைட்டில் சாப்பாட்டு நேரம். உள்ளே ஹீட்டரைச் சுற்றி ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே, வேலியோரம், கெண்ட்ராவின் பழைய நீலக் கார் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி.

வெர்னெட்டா ஜன்னலைத் தட்டினாள். மகள் கையில் பாதி கடித்த சாண்ட்விச்சோடு திரும்பினாள். திருடும்போது பிடிபட்டவள் போல விழித்தாள்.

"அம்மா! நீ இங்க எதுக்கு வந்தே? யாராவது பாத்தாங்களா?"

"கதவத் தெற. வெறைச்சுப் போறேன்."

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கார் முழுக்க மரத்தூள் வாசனை. ராஸ்கோவின் காரும் இப்படித்தான் மணக்கும்.

"டெய்லி இங்கயா சாப்பிடறே?"

"என்னது இது, ஃபாரத்துக் கேள்வியா?"

"கெண்ட்ரா..."

"நீ என்ன கேட்டாலும் ஃபாரம் மாதிரிதாம்மா இருக்கும். கேளு. அப்படியே வரிசையாக் கேளு. எனக்குத்தான் மனப்பாடமாச்சே."

வெர்னெட்டாவுக்கும் மனப்பாடம்தான். அந்த ஃபாரத்தை எழுதினவளே அவள்தானே! ஒவ்வொரு தொழிலாளியையும் மேஸ்திரி கண்ணில் படாத இடத்துக்குத் தனியாகக் கூப்பிட்டு, பதினொரு கேள்வி. பதில் சொன்னவர் பெயரை அறிக்கையில் எழுதக் கூடாது. என்ன வேலை, ஆணா பெண்ணா என்று மட்டும் எழுதினால் போதும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கொண்டுவந்த ஏற்பாடு. அதற்காக மேயர் கையால் ஒரு கேடயம்கூட வாங்கினாள். மேஜை மேல் இன்னும் நிற்கிறது.

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். பேனா இல்லை, தாள் இல்லை. ஆனால் வேறு எந்த வழியாக மகளிடம் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இங்க என்ன வேலை செய்யறே?"

"பெருக்கறேன். ஆணி பொறுக்கறேன். வேன் வந்தா ஏறி அடுத்த சைட்டுக்குப் போய் அங்கயும் பெருக்கறேன். ஒரு கதவு மாட்டியே மூணு மாசம் ஆச்சு."

"உன் பக்கத்துல வேலை செய்யற இன்னொரு பொண்ணு யாரு?"

"யாருமில்ல."

"யாராவது தப்பாப் பேசறாங்களா?"

கெண்ட்ரா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "யாரும் பேசறதே இல்லம்மா. செவ்வாய்க்கிழமை பூரா எங்கிட்ட நாலே வார்த்தை. 'அதை அந்தப் பக்கம் தள்ளு.' எண்ணி வெச்சிருக்கேன்."

"ஏன்டி?"

"ஏனா?" கெண்ட்ரா சாண்ட்விச்சைப் பேப்பரில் சுருட்டினாள். "அக்டோபர்ல பெர்னி அங்கிள் ஒன்பதாம் நம்பருக்கு வந்தாரு. தனியாக் கூப்பிட்டுக் கேட்டாரு. டாய்லெட் எப்பவும் பூட்டிக் கெடக்குது, ரெண்டு தெரு தள்ளி பெட்ரோல் பங்க்குக்குப் போறேன்னு சொன்னேன். பேர் வெளிய வராது கண்ணுன்னாரு. அறிக்கை கம்பெனிக்கு வந்துது. பேர் இல்லதான். 'தச்சு வேலை, பெண்'னு இருந்துது. மூணு சைட்டுலயும் சேத்துத் தச்சு வேலை செய்யற பொண்ணு எத்தன பேரும்மா?"

வெர்னெட்டா ஆவி படிந்த கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேர மறைச்சே. ஆள மறைக்கலையே."

கடவுளே! பன்னிரண்டு வருஷம். அந்த வரியால் எத்தனை சைட்டில் எத்தனை ஒற்றைப் பெண்கள் மாட்டினார்களோ. ஒருத்திக்கும் மேல் இருப்பார்கள் என்று நினைத்து எழுதின வரி அது. ஒருத்திதான் இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அன்னிலேருந்து எனக்கு 'ரேடியோ'ன்னு பேரு. நான் வந்தா, 'ரேடியோ வருது, வாய மூடு'ம்பானுங்க. எங்கம்மா நகரசபையிலன்னு வேற தெரியும். நீதான் என்னை வேவு பாக்க அனுப்பியிருக்கேன்னு பேச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே கண்ணு. ராத்திரியெல்லாம் அந்த அறையில..."

"உங்கிட்ட சொன்னா அது ஃபைல் ஆயிடும்மா." கெண்ட்ராவின் குரல் உடைந்தது. "அப்பா போனப்புறம் எனக்குப் பேச இருந்தது நீ ஒருத்திதான். அந்த ஒருத்தியும் ஆபீஸாப் போயிட்டா நான் யார்கிட்ட பேசறது?"

வெர்னெட்டா கையை நீட்டினாள். மகள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் கையெழுத்துப் போடுவியா?"

"எப்படிப் போடறதுடி..."

"இருநூத்திப் பத்து மணி நேரம்மா. அஞ்சே வாரம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

வெர்னெட்டா பதில் சொல்வதற்குள் வேன் வந்து ஹார்ன் அடித்தது. பூங்கா அரங்குக்குப் போகிற நேரம். கெண்ட்ரா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. வேனில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்காகக் கடைசி வரிசையை முழுசாகக் காலியாக விட்டிருந்தார்கள்.

பதினோராவது கேள்வியை வெர்னெட்டா கேட்கவே இல்லை.

*

இரண்டு மணிக்கு மஞ்சள் சீட்டு டெல்ஃபீன் மேஜைக்குப் போனது.

டெல்ஃபீனுக்கு நாற்பது வயதுகூட இல்லை. வெர்னெட்டாவிடம் வேலை கற்றுக்கொண்டு அவளுக்கே மேலதிகாரியாக வந்தவள், மரியாதை மட்டும் மாறாதவள். சீட்டை இரண்டு தடவை படித்தாள்.

"உங்க பொண்ணா?"

"என் பொண்ணுதான். சூப்பரின்டெண்ட் என் கொழுந்தன். அதுவும் எழுதியிருக்கேன். இன்னிக்கு ரெண்டு சைட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. அதையும் எழுதியிருக்கேன்."

"அக்கா, உங்க மேலயும் விசாரணை வருமே."

"வரட்டும். நான் இன்னிக்குப் பாத்தது, கேட்டது ஒண்ணுகூட இதுல இல்ல. மூணு தாள், ஒரே தேதி, ஒரே பேர். அவ்வளவுதான். யார் சொன்னாங்கன்னு கேட்டா, தாள் சொல்லுதுன்னு சொல்லுங்க. மனுஷங்க யாரும் சொல்லல."

"இன்னிக்கே கம்பெனிக்கு நோட்டீஸ் போயிடும். அவங்க உங்க பொண்ணு மேல கை வெச்சா அது பழிவாங்கல், தனி வழக்கு. நாம சும்மா விடமாட்டோம்."

"தெரியும் டெல்ஃபீன். வழக்கு ஜெயிக்கறதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்." வெர்னெட்டா எழுந்தாள். "இன்னொண்ணு. அறிக்கையில 'என்ன வேலை, ஆணா பெண்ணா'ன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதை இன்னிக்கே எடுத்துடுங்க. அது நான் போட்டது. தப்பு."

தன் இடத்துக்கு வந்து கேடயத்தை எடுத்து அடி டிராயரில் கவிழ்த்து வைத்தாள். டிராயர் முழுசாக மூடவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. ஒடெல்.

"அண்ணி." மூச்சு வாங்கியது. "திங்கக்கிழமையிலேருந்து வர வேணாம்னு அவகிட்டச் சொல்லச் சொன்னாங்க."

"சொன்னீங்களா?"

"நான்தான் சொன்னேன். வேற யாரையும் சொல்ல விடல. அவ அழல அண்ணி. தலைய ஆட்டிட்டு டூல் பையத் தூக்கிட்டுப் போனா. நீங்க ரெண்டு பேரும் ஏன்தான் இப்படிக் கல்லா இருக்கீங்களோ."

போன் வைக்கப்பட்டது.

*

வெர்னெட்டா ஐந்தரைக்கெல்லாம் வீட்டில் இருந்தாள். கெண்ட்ரா இல்லை. கோழியைக் குழம்பாகப் புரட்டி வைத்தாள், சோறு வடித்தாள், சோள ரொட்டி சுட்டாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கப் போனாள், மனசு கேட்கவில்லை, மறுபடியும் மேஜையிலேயே வைத்தாள்.

ஆறு மணி. ஆறரை. போன் பண்ணினாள், எடுக்கவில்லை.

சரியானதைத்தான் செய்தோம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லலாம். அதைக் கேட்க வீட்டில் ஒரு ஜீவன் இல்லை. ராஸ்கோ இருந்தால் என்ன சொல்லியிருப்பான்? ஒடெல் சொன்ன மாதிரியா? இல்லை. 'பசிக்குது வெர்னி, மொதல்ல சோத்தப் போடு' என்றுதான் சொல்லியிருப்பான். அந்த மனுஷனை நினைத்துச் சமையலறையில் நின்று வாய்விட்டே அழுதாள். ஊருக்கெல்லாம் நியாயம் பார்க்கப் போய், தன் வயிற்றில் பிறந்தவளின் நாலு வருஷத்தை ஒரே மத்தியானத்தில் தொலைத்துவிட்டோமே என்று அழுதாள்.

ஏழு மணிக்குக் கார் சத்தம் கேட்டது. அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கெண்ட்ரா உள்ளே வந்தாள். டூல் பையைத் தரையில் வைத்தாள். பூட்ஸைக் கழற்றினாள், எப்போதும் போலச் சுவரோரமாக நேராக வைத்தாள். அறைக்குப் போவாள் என்று வெர்னெட்டா எதிர்பார்த்தாள். போகவில்லை. மேஜைக்கு வந்து, அப்பாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

"கோவம் தலைக்கு மேல இருக்கு."

"இருக்கட்டும். சாப்பிடு."

"நோட்டீஸ நாங்க எல்லாரும் பாத்தோம். சித்தப்பா காட்டினாரு. ரெண்டு பக்கம். அதுல எம்பேரத் தவிர நான் சொன்னது எதுவும் இல்ல. ஒரு வார்த்தைகூட இல்ல." கெண்ட்ரா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அக்டோபருக்கு அப்புறம் இப்போதுதான் அப்படிப் பார்க்கிறாள். "கார்ல நான் அவ்வளவு சொன்னேனே. ஏன் எழுதல?"

"அது எங்கிட்டச் சொன்னது. ஆபீஸுக்கு இல்ல."

கெண்ட்ரா தட்டை ஓரமாகத் தள்ளினாள். அப்புறம் குனிந்து, டூல் பையைத் திறந்து, ஒரு பொருளை எடுத்து மேஜையில் வைத்தாள். சின்ன அளவில் ஒரு பச்சை ஹெல்மெட். நெற்றியில் ஸ்டிக்கர்.

"வர்ற வழியில ஒன்பதாம் நம்பருக்குப் போய் எடுத்துட்டு வந்தேன். கடைசிக் கேள்விய நீ கேக்கவே இல்லையே."

வெர்னெட்டாவின் கை பழக்கதோஷத்தில் பேனாவைத் தேடி ஜன்னலோரத்துக்குப் போனது.

"எழுதாதம்மா. மொதல்ல கேளு."

கை திரும்பி வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்விதான். இன்றைக்கு அதைப் பேனா இல்லாமல் கேட்டாள்.

"வேற ஏதாவது சொல்லணுமா, கண்ணு?"

"சொல்லணும். மிரெயாவப் பத்தி. அவ வேலைய விட்டுப் போயிட்டான்னு எல்லாரும் சொல்றாங்க." கெண்ட்ரா ஸ்டிக்கரின் ஓரத்தை விரலால் தடவி ஒட்டினாள். "அவளாப் போகலம்மா. அது சித்தப்பாவுக்கும் தெரியும்."

வெர்னெட்டா எதிர் நாற்காலியிலிருந்து எழுந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, மகள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.